பழைய டீசல் கார் சூடேறினால் எங்கே பார்ப்பது?

என்னிடம் இருப்பது 2சி டீசல் எஞ்சின் போட்ட பழைய டொயோட்டா கொரோல்லா. இதன் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடலாம், வெடிப்பும் விடலாம். ஆகவே டாஷ்போர்டில் வெப்ப ஊசி ஏறினால் 'வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்' என்று ஓட்டாதீர்கள், ஓரமாக நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேற்றர் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

1. எப்போது ஏறுகிறது?

பாதி விடை இதிலேயே இருக்கிறது. இங்கே கிழக்கிலங்கையில், கல்முனை பஸாரில் ஊர்ந்து போகும்போது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் விசிறியைப் பாருங்கள். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மலை ஏறும்போதுதான் ஏறுகிறது என்றால் ரேடியேற்றர் அடைப்பு, வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணீரை விடும் வால்வு) ஆகியவற்றில் ஒன்று. காலையில் ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரைக் கக்கினால் ஐந்தாம் படிக்குப் போங்கள்.

2. வெளியே

பெல்ட், ஹோஸ், கசிவுத் தடம் எல்லாம் கண்ணுக்கே தெரியும். தெரியாதது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் இருப்பது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் அம்பாறைப் பக்கம் ஓடிய காரென்றால் அந்த இடுக்கில் பதரும் தூசும் அப்பிக் கிடக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரால் கழுவுங்கள்.

3. விசிறி

பழைய டொயோட்டாக்கள் பலவற்றில், சாவியை ஓன் பண்ணிவிட்டு ரேடியேற்றர் விசிறிக்கான வெப்ப சுவிட்சின் வயரைக் கழற்றினால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டார், ரிலே, பியூஸ் எல்லாம் சரி, சுவிட்சைச் சந்தேகிக்கலாம்.

4. தேர்மோஸ்டாட்

'இந்த வெயில் ஊருக்கு இது எதற்கு?' என்று கழற்றி எறிகிற பழக்கம் கராஜ்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசலும் கூடக் குடிக்கும். கழற்றியதைத் தண்ணீரில் தொங்கவிட்டு, தண்ணீரைச் சூடாக்கிப் பாருங்கள். 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும் பாகையில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிதாகப் போடுங்கள்.

5. ஹெட் கஸ்கெட்

ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு இது. எனக்குக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடித்தது இதுதான். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி, ஸ்டார்ட் பண்ணுங்கள். மேல் ஹோஸை விரலால் அமுக்கிக்கொண்டே இருங்கள். ஹோஸ் இன்னும் சூடேறவில்லை, ஆனால் ஒரு நிமிடத்துக்குள் கல்லுப்போல இறுகிவிட்டது என்றால் அது நீராவி அழுத்தம் அல்ல. சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் கசிகிறது. மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்தும் பாருங்கள். ஆரம்பத்தில் சில குமிழி வரும், அது சும்மா காற்று. ரேஸ் பண்ணப் பண்ண நிற்காமல் வந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

ரேடியேற்றர் வாயில் வைத்தால், சிலிண்டர் வாயு பட்டு நீலத் திரவம் நிறம் மாறும் சோதனைக் குழாயை நான் டீசலுக்கு நம்புவதில்லை. ஐட்லிங்கில் டீசல் புகையில் காபனீரொட்சைட்டு குறைவு, கசிவு இருந்தும் நிறம் சரியாக மாறாமல் போகலாம். அதைவிட, தொடாமலே சூட்டைக் காட்டும் ஒரு செங்கீழ்க்கதிர் வெப்பமானி வாங்குங்கள். மினுங்கும் உலோகத்தில் பிடித்தால் பொய் சொல்லும். ரப்பர் ஹோஸில் அல்லது கறுப்பு டேப் ஒட்டிய இடத்தில் பிடியுங்கள். டாஷ்போர்ட் ஊசியை மட்டும் நம்பவேண்டாம். தண்ணீர் வற்றிவிட்டால் சென்சர் காற்றில் நின்று ஊசி கீழேயே கிடக்கலாம்.

6. திரும்ப நிரப்புதல்

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நம் ஊர்க் கிணறுகள் பலவற்றில் கோடையில் உவர் ஏறும். அந்தத் தண்ணீரை விட்டால் உள்ளே துருவும் படிவும்தான் மிஞ்சும். செறிவான கூலண்ட் என்றால் காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி. கலந்தே விற்பதென்றால் அப்படியே விடுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள்.

பிற்சேர்க்கை: ஓட்டமாவடியிலிருந்து ஒருவர், தன் வான் வண்டியில் வயரோடு விசிறியே இல்லையே என்று கேட்டிருந்தார். அது எஞ்சினோடு சுழலும் விசிறி. சூடான எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, துணி சுற்றிய கையால் விசிறியைச் சுண்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்றுச் சுழன்றால் நடுவிலுள்ள பிசுக்குமைக் கப்ளிங் (சூடேறும்போது விசிறியை எஞ்சினோடு இறுகச் சுழற்றும் இணைப்பு) போய்விட்டது.