சமைப்பவர் கையிலிருந்து சுஷி: ஓசூரிலிருந்து செல்வோருக்கு

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளிலிருந்து பயிற்சிக்காக ஜப்பான் செல்லும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள், வினிகர் கலந்த சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீன் சேர்த்துத் தரும் மரபுவழிச் சுஷி உணவகத்துக்கு அழைக்கப்படும்போது எதைத் தொடுவது, எதைத் தொடாமலிருப்பது என்று தெரியாமல் தயங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நானும் அப்படித் தயங்கியவன் என்பதால், அங்கே கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

ஒகேனக்கல்லில் மீனை வாங்கிச் சமைக்கும் அக்காவிடம் கொடுத்து, "உங்க கைப்பக்குவத்துல செஞ்சு குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு உட்காருகிறோம் அல்லவா, ஜப்பானியர் ‘ஒமகாசே’ என்று சொல்வதும் ஏறக்குறைய அதுவே. அன்றைய மீனையும் பரிமாறும் வரிசையையும் சமையற்காரரே முடிவு செய்வார். வெண்ணிற மீனில் மென்மையாகத் தொடங்கி, கொழுப்பு மிகுந்த சூரை மீன் வரை சென்று, பெரும்பாலும் முட்டைப் பணியாரம் போன்ற இனிப்புச் சுவையுள்ள துண்டுடன் முடிப்பார்.

இத்தகைய உணவகங்களில் பலவற்றில் பத்துப் பேர் அமர்வதற்கே இடமிருக்கும் என்பதால், முன்பதிவு செய்து நேரத்துக்குச் செல்ல வேண்டும். உடம்புக்கு ஒவ்வாத உணவு ஏதேனும் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். அன்றைய மீன் ஆள் கணக்குப்படி வாங்கப்படுவதால், கடைசி நேரத்தில் வராமல் போவது அவர்களுக்கு நேரடி நட்டம். வாசனைத் திரவியம் பூசாமல் செல்லவும். தலையில் சூடிய மல்லிகைகூட அந்தச் சிறிய அறையில் மீனின் மெல்லிய மணத்தை மறைத்துவிடும். சமையற்காரருக்கு முன்னுள்ள மரப்பலகை தேய்த்துத் தேய்த்துப் பாதுகாக்கப்படுவது. கைப்பேசியையும் சாவிக்கொத்தையும் அதன்மீது வைக்க வேண்டாம்.

அமர்ந்ததும் ஈரத்துண்டு ஒன்று தருவார்கள். அது கை துடைக்க மட்டுமே, முகத்துக்கு அன்று.

இனி உண்ணும் முறை. பிடித்து வைத்த சோற்றின்மேல் மீன் துண்டு வைத்துத் தரும் நிகிரியைக் கையால் எடுத்து உண்ணலாம். நமக்கு அது இயல்பாகவே வரும். பக்கவாட்டில் மெல்லப் பிடித்து, சற்றே சாய்த்து, மீன் பக்கம் மட்டும் சோயா சாஸில் படுமாறு தொட்டு, ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் அது சாஸை உறிஞ்சிக் கையிலேயே உதிர்ந்துவிடும். சமையற்காரரே மேலே சாஸ் தடவிக் கொடுத்திருந்தால் மீண்டும் தொடவே வேண்டாம். காரமான பச்சை நிற விழுதான வசாபியையும் பெரும்பாலும் அவரே மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் அளவாக வைத்திருப்பார். ஊறவைத்த இஞ்சி, ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே நாக்கைத் துலக்குவதற்கு. சுஷியின்மேல் வைத்து உண்பதற்கு அன்று.

எல்லாவற்றையும்விட முக்கியம், வைத்தவுடன் உண்பது. வினிகர் கலந்த அந்தச் சோறு உடல் சூட்டளவு இளஞ்சூட்டில் இருக்கும். சில சுஷிகளைச் சுற்றியிருக்கும் கடற்பாசித் தாள் மொறுமொறுப்பாக இருப்பதும் சிறிது நேரமே. கேழ்வரகுக் களி ஆறினால் எப்படி இறுகிப் போகுமோ, அப்படியே இதுவும் காத்திருந்தால் கெடும். பல கோணங்களில் படம் எடுப்பவரை நிறுத்தச் சொல்ல சமையற்காரர்கள் கூச்சப்படுவார்கள், ஆனால் மனம் வருந்துவார்கள்.

கவனிப்பு என்றால் என்னவென்று அங்கேதான் கண்டேன். என்னுடன் வந்த நண்பர் இடது கைப் பழக்கமுள்ளவர். முதல் துண்டை அவர் எடுத்த விதத்தைப் பார்த்த சமையற்காரர், ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது துண்டை எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்தார். இடது கையால் உண்பதற்கு வீட்டில் திட்டு வாங்கி வளர்ந்த நண்பர், அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக உண்பவருக்குச் சோற்றின் அளவு குறையும், தேநீர் கேட்காமலே நிரம்பும். இதற்குப் பதிலாக நாம் செய்யக்கூடியது, சுவை பிடித்திருந்தால் அவரைப் பார்த்து மனதாரச் சொல்வதுதான். உண்ணத் தொடங்கும்போது "இததாகிமாஸ்" என்று சொன்னால் மகிழ்வார்கள்.

கையால் அன்றி, உண்ணும் குச்சிகளைப் பயன்படுத்தினால் இரண்டைத் தவிர்க்கவும்: சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும். இரண்டும் அவர்களுக்குச் சாவுச் சடங்கை நினைவூட்டுபவை.

சைவர்கள் முன்பே தெளிவாகப் பேசிவிட வேண்டும். வெள்ளரிச் சுருள், உலர்ந்த சுரைக்காய்ச் சுருள், பொரித்த சோயா பையில் அடைத்த சோறு ஆகியவை உண்டு என்றாலும், இவற்றில் சில வேகும் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல்களில் எடுத்தது. "மீன் இல்லை" என்றால் போதாது, "மீன் சாறும் வேண்டாம்" என்று சொல்லவும்.

ஊர் திரும்பி, ஆசையில் கிருஷ்ணகிரி அணை மீனை வாங்கிப் பச்சையாக உண்ண முயல வேண்டாம். நன்னீர் மீன்களில் ஈரலைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். அணை மீனுக்கு வறுவலும் குழம்புமே ஏற்றவை.

ஜப்பானில் பரிமாறியவருக்கென்று தனியாக அன்பளிப்புக் காசு (டிப்ஸ்) வைக்கும் வழக்கம் இல்லை. வைத்தால் மறந்துவிட்டதாக எண்ணி, பின்னாலேயே ஓடி வந்து திருப்பித் தருவார்கள். கணக்கு முடிந்ததும் "கொச்சிசோசமா தேஷித்தா" என்று நன்றி சொல்லவும். சமையற்காரர் வாசல் வரை வந்து தலைவணங்கினால், அவசரப்பட்டு நடந்துவிடாமல் நின்று, நாமும் தலை தாழ்த்திவிட்டுப் புறப்பட வேண்டும்.