பீட்டாவில் ஓடும் ஐபோனிலிருந்து புதுப் போனுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் வந்தால் ஐபோன் பீட்டா ஆட்களுக்கு, அதாவது ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் மென்பொருளின் சோதனைப் பதிப்பை எல்லோருக்கும் முன்பே போடுகிறவர்களுக்கு, இந்தச் சிக்கல் தப்பாமல் வரும். ஜூன் மாதம் ஆப்பிள் தன் டெவலப்பர் மாநாட்டில் புது ஐஓஎஸ்ஸைக் காட்டும். ஆர்வத்தில் பீட்டாவைப் போட்டுவிடுவார்கள், பிறகு அடுத்த எண்ணின் பீட்டாவுக்கும் போய்விடுவார்கள். செப்டம்பரில் புதுப் போன் வாங்கிப் பெட்டியைப் பிரித்துப் பழைய போனைப் பக்கத்தில் வைத்தால், டேட்டா நகராது. வாங்கிய போன் புதிது, ஆனால் அதற்குள் இருக்கும் ஐஓஎஸ் பழைய போனில் ஓடுவதைவிடப் பின்தங்கியது.

2024-இல் நடந்ததைப் பாருங்கள். ஐபோன் 16 செப்டம்பர் 20 அன்று ஐஓஎஸ் 18-உடன் கடைக்கு வந்தது. ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸைப் பார்த்துவிடும் ஆசையில் ஐபோன் 15 ப்ரோ வைத்திருந்த பலர் அதற்குள் 18.1 பீட்டாவில் இருந்தார்கள். அந்த 18.1 எல்லோருக்கும் வந்தது அக்டோபர் 28-இல். 2025-லும் இதே கதைதான். ஐபோன் 17 செப்டம்பர் 19-இல் ஐஓஎஸ் 26-உடன் வந்தது. சில நாட்களிலேயே 26.1 பீட்டா தொடங்கியது, ஆனால் முறையான வெளியீடு நவம்பர் 3. இந்த இடைவெளியில் போன் மாற்றுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விதி ஒன்றுதான். ஒரு வெர்ஷனில் எடுத்த பேக்கப் அதே வெர்ஷனிலோ மேல் வெர்ஷனிலோதான் இறங்கும். கீழ் வெர்ஷனுக்குப் போகாது. கீழே வரும் தவறுகள் எல்லாம் இந்த விதியை ஏதோ ஒரு விதத்தில் மறந்ததால் வருபவை.

இதை ஆப்பிளின் பிடிவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் வேறு. மெசேஜஸ், ஹெல்த், போட்டோஸ், நோட்ஸ் எல்லாமே உங்கள் டேட்டாவை டேட்டாபேஸ்களில்தான் வைத்திருக்கின்றன. புது ஐஓஎஸ் ஏறும்போது அந்த டேட்டாபேஸின் அமைப்பே மாறலாம்: புது அட்டவணைகள் சேரும், பழையவை வேறு வடிவம் எடுக்கும். பழையதைப் புதியதாக மாற்றும் நிரலை எழுதி வைத்திருப்பார்கள். புதியதைப் பழையதாக்கும் நிரலை யாரும் எழுதுவதில்லை. பத்தாம் வகுப்புப் பையனின் கணக்கு நோட்டை எட்டாம் வகுப்புப் பையனிடம் கொடுத்து மீதிக் கணக்கைப் போடச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் நடக்கும் என்று தெரிந்துதான் ஐபோன் முதலிலேயே கதவைச் சாத்திவிடுகிறது. மேக்கில் ஃபைண்டர் வழியாக முயன்றால், இந்த ஐபோனில் உள்ள மென்பொருள் மிகப் பழையது, பேக்கப்பை இறக்க முடியாது என்று நேராகவே சொல்லிவிடும்.

முதல் எண்ணை மட்டும் பார்ப்பது

"ரெண்டும் 26 தானே?" என்று கேட்பவர்கள் அதிகம். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணும் கணக்கில் வரும். 26.1 பீட்டாவில் எடுத்த பேக்கப்புக்கு 26.0 கீழ் வெர்ஷன்தான்.

ஆகவே போன் வாங்கும் முன்பே பழைய போனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் வரை போய் ஐஓஎஸ் வெர்ஷனைத் தட்டிப் பாருங்கள். வெர்ஷனோடு, அதன் துல்லியமான பதிப்பைக் குறிக்கும் பில்ட் எண்ணும் தெரியும். பீட்டா பில்டுகளின் கடைசியில் ஒரு சின்ன ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம், முறையான வெளியீட்டில் பொதுவாக அது இருக்காது. பீட்டாவில் இருக்கிறோமா என்பதையே மறந்துபோனவர்களுக்கு இது உதவும். அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். 2023-இல் வந்த ஐஓஎஸ் 16.4-க்குப் பிறகு பீட்டா புரொஃபைல் என்ற தனிக் கோப்பை இறக்கும் வேலை இல்லாமல் செட்டிங்ஸிலேயே ஒரு தேர்வாக வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூனில் டெவலப்பர் பீட்டாவும் இலவசமானது. ஒரு தட்டுத் தட்டினால் பீட்டா, அப்புறம் அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

புதுப் போன் தானே அப்டேட் ஆகிக்கொள்ளும் என்று நம்புவது

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தே அதுதான். பழைய போன் முறையாக வெளியான ஐஓஎஸ்ஸில் இருந்து, புதுப் போன் ஒரு படி கீழே இருந்தால், செட்டப் நடக்கும்போதே "முதலில் அப்டேட் செய்" என்று புதுப் போன் கேட்கும். செய்துவிட்டால் மேலே போகலாம். முன்பு இப்படி மாற்றியவர்கள் இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்தத் திரையை நம்பிப் பீட்டாவை எதிர்பார்க்க முடியாது. பீட்டாவைப் போட போன் முழுதாகத் திறந்து செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

சரி, வழி என்ன? போனை இரண்டு தடவை செட்டப் செய்வதுதான். ஆப்பிள் தன் உதவிப் பக்கத்தில் சொல்வதும் இதையே. முதல் தடவை, பழைய போனை அருகில் வைக்காமல், டேட்டா எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி வெறும் போனாகத் திறங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட், பீட்டா அப்டேட்ஸ். அங்கே பழைய போனில் இருக்கும் அதே பீட்டாவைத் தேர்ந்து ஏற்றுங்கள். ஏறி முடிந்ததும் போனை முழுதாக அழித்துவிட்டு, இரண்டாம் தடவை செட்டப் செய்யும்போது பழைய போனைப் பக்கத்தில் வையுங்கள். இப்போது டேட்டா வரும்.

கேட்க எளிது. ஆனால் இந்த இரண்டு செட்டப்களுக்கு நடுவில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பீட்டா அப்டேட்ஸ் என்ற வரியே தெரியவில்லை என்றால், பீட்டாவுக்குப் பதிவு செய்த ஆப்பிள் கணக்கும் இப்போது போனில் இருக்கும் கணக்கும் ஒன்றா என்று பாருங்கள். பீட்டா உரிமை கணக்கோடு கட்டப்பட்டது. அடுத்தது, டெவலப்பர் பீட்டா, பப்ளிக் பீட்டா என்று இரண்டு வரிசைகள் இருக்கும். பப்ளிக் பீட்டா பெரும்பாலும் ஒரு நாளோ சில நாளோ பின்னால்தான் வரும். பழைய போன் டெவலப்பர் வரிசையில் இருக்க, புதுப் போனில் பப்ளிக் வரிசையைத் தேர்ந்தால் மறுபடியும் ஒரு படி கீழேதான் நிற்பீர்கள்.

முதல் செட்டப்பை ஒப்புக்குச் செய்யுங்கள். ஃபேஸ் ஐடி வேண்டாம், கார்டு சேர்க்க வேண்டாம், செயலிகள் இறக்க வேண்டாம். எல்லாம் ஒரு மணி நேரத்தில் அழியப் போகிறது. முக்கியமாக இசிம்மை, அதாவது கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மை, தொடாதீர்கள். ஆர்வக்கோளாறில் முதல் செட்டப்பிலேயே இசிம்மைப் புதுப் போனுக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் போனை அழிக்கும்போது, இசிம்மை வைத்துக்கொண்டு டேட்டாவை மட்டும் அழிப்பதா, இசிம்மையும் சேர்த்து அழிப்பதா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் இரண்டாவதைத் தட்டினால் அந்த எண் எந்தப் போனிலும் இருக்காது. பழைய கியூஆர் கோடு பொதுவாக இன்னொரு முறை வேலை செய்யாது, நிறுவனத்திடம் புதிதாக இசிம் வாங்க வேண்டும். ஐபோன் ஏர் போன்ற போனில் சிம் கார்டு போடும் இடமே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தியாவில் பழைய எண்ணுக்குப் புது சிம்மோ இசிம்மோ வாங்கினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். ஓடிபி வராது, யூபிஐ செயலியில் எண்ணைச் சரிபார்க்கவும் முடியாது. ஆகவே இசிம் மாற்றம் இரண்டாம் செட்டப் வரை காத்திருக்கட்டும், மாதச் சம்பளமோ வாடகையோ அனுப்ப வேண்டிய நாளில் வேண்டவே வேண்டாம்.

பழைய போனைப் பின்னுக்கு இறக்கிப் பார்ப்பது

"புதுசை ஏத்தறதுக்குப் பதிலா பழசை 26.0-க்கு இறக்கிடலாமே?" புத்திசாலித்தனமாகத் தோன்றும் யோசனை. ஆனால் பீட்டாவிலிருந்து இறங்க வேண்டுமானால் போனை அழித்துத்தான் இறக்க வேண்டும். அழித்த பிறகு, பீட்டாவில் எடுத்த பேக்கப்பை அந்தப் போனிலேயே போட முடியாது. முன்பு ஒரு போனில் இருந்த சிக்கல் இப்போது இரண்டு போனிலும். பீட்டாவை ஏற்றும் முன் கணினியில் ஒரு பேக்கப் எடுத்து, அது மேலெழுதப்படாமல் ஆர்க்கைவ் செய்து வைத்திருந்தால் மட்டுமே இறங்குவதில் பொருள் உண்டு. அப்போதும் பீட்டாவில் இருந்த மாதங்களின் டேட்டா போனது போனதுதான்.

இதற்கு இணையத்தில் ஒரு குறுக்குவழி சுற்றுகிறது. கணினியில் உள்ள பேக்கப் கோப்புறையைத் திறந்து, இன்ஃபோ.பிளிஸ்ட் என்ற கோப்பில் இருக்கும் வெர்ஷன் எண்ணைக் கையால் குறைத்து எழுதிவிடுவது. சில சமயம் ஐபோன் ஏமாந்து பேக்கப்பை ஏற்றுக்கொள்ளும். ஆனால் மாறியது எண் மட்டும்தான், உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் அப்படியேதான் இருக்கிறது. எந்தச் செயலி எப்போது முரண்டு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வேறு பிரதி இல்லாத டேட்டாவை வைத்துக்கொண்டு நான் இதைச் செய்ய மாட்டேன்.

பீட்டா அப்டேட்ஸை 'ஆஃப்' செய்துவிட்டால் வெளியே வந்துவிட்டோம் என்று நினைப்பதும் உண்டு. அது அடுத்த பீட்டா வருவதைத்தான் நிறுத்தும். போனில் ஏற்கெனவே இருக்கும் பீட்டா, அந்த எண்ணின் முறையான வெளியீடு வந்து நீங்கள் அப்டேட் செய்யும் வரை அப்படியே இருக்கும். அவசரம் இல்லாதவர்களுக்கு இதுவே நல்ல வழியும்கூட. ஆஃப் செய்துவிட்டுக் காத்திருந்தால், வெளியீடு வந்ததும் இரண்டு போனும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். காத்திருப்பு சில வாரம் ஆகலாம் என்பதுதான் குறை. ஆப்பிள் புதுப் போனுக்கு மாறுகிறவர்களுக்குத் தற்காலிகமாகத் தரும் இலவச ஐகிளவுட் (ஆப்பிளின் இணையச் சேமிப்பு) இடத்தை நம்பி இருந்தால் இங்கே கவனம் தேவை. அது 21 நாள் கணக்கு. ஐபோன் 17 வெளியான நாளிலிருந்து 26.1 வரும் வரை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

வாட்சை மறப்பது

ஆப்பிள் வாட்சிலும் பீட்டா போட்டிருந்தால் கதை இன்னும் கொஞ்சம் நீளும். வாட்சை வீட்டில் உட்கார்ந்து பழைய வெர்ஷனுக்கு இறக்க வழியே கிடையாது. வாட்சில் இருக்கும் பீட்டாவுக்கு ஈடான ஐஓஎஸ் போனில் இல்லையென்றால் வாட்ச் ஜோடி சேராது. போனை எப்படியோ சமாளித்துப் புதிதாகத் தொடங்கிவிட்டோம் என்று மூச்சு விடுபவர்களை வாட்ச் பிடித்துக்கொள்ளும். வாட்சின் பேக்கப் ஐபோனின் பேக்கப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதால், போன் பேக்கப் இறங்கவில்லையென்றால் அதுவும் இறங்காது. வாட்ச் பீட்டாவில் இருப்பவர்கள் புதுப் போனில் பீட்டாவை ஏற்றுவது, அல்லது வெளியீட்டுக்குக் காத்திருப்பது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

பேக்கப் எது, சிங்க் எது என்று குழம்புவது

ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருந்தால் படங்கள் பேக்கப்பில் சேராது, தனியாக சிங்க் ஆகும், அதாவது உங்கள் கணக்கு வழியாக எல்லாப் போனிலும் ஒரே மாதிரி வந்து சேரும். தொடர்புகள், நோட்ஸ், காலண்டர் அப்படித்தான். ஐகிளவுட் மெசேஜஸ் போட்டிருந்தால் குறுஞ்செய்திகளும். பேக்கப் இறங்காவிட்டாலும் அதே கணக்கில் நுழைந்தால் இவை எல்லாம் வந்துவிடும். வாட்ஸ்அப்புக்கு அதன் செட்டிங்ஸுக்குள்ளேயே தனி பேக்கப் இருக்கிறது, அதே எண்ணில் திறந்தால் மீட்கலாம். என்கிரிப்ட் செய்த (பூட்டு போட்ட) பேக்கப் என்றால் அந்தக் கடவுச்சொல்லையோ 64 இலக்க விசையையோ முதலில் தேடி எடுத்துவிடுங்கள். இப்படிப் பார்த்தால், செயலிகளுக்குள் பெரிதாக ஒன்றும் சேர்த்து வைக்காதவர்களுக்கு வெறும் போனாகத் தொடங்குவதே போதும், இரண்டு செட்டப் அலைச்சல் தேவையில்லை.

கணினியில் பேக்கப் எடுப்பவர்கள் 'என்கிரிப்ட்' பெட்டியில் டிக் போட மறக்க வேண்டாம். அது இல்லாத பேக்கப்பில் ஹெல்த் டேட்டா, சேமித்த கடவுச்சொற்கள், வைஃபை விவரங்கள் எதுவும் வராது. பீட்டாவில் ஓடும் போனைச் சொருகியதும் கணினி கூடுதல் மென்பொருள் கேட்டால் அதையும் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆண்ட்ராய்டில்

விதி அங்கேயும் அதேதான். மேல் ஆண்ட்ராய்டு வெர்ஷனில் எடுத்த பேக்கப்பைக் கீழ் வெர்ஷன் போனில் மீட்க முடியாது என்று கூகுளே சொல்கிறது. கூகுளின் பிக்ஸல் போனில் பீட்டா நடுவே வெளியேறினால் போன் அழிக்கப்படும். முறையான வெளியீட்டை ஏற்றிக்கொண்டு, அடுத்த பீட்டாவைத் தொடாமல் விலகினால் அழியாது. அந்த இடைவெளியைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் வேலை. ஆண்ட்ராய்டின் மேல் சாம்சங் போடும் ஒன் யூஐ மென்பொருளின் பீட்டா சில மாடல்களுக்கு, சில நாடுகளில் மட்டும்தான் கிடைக்கும். நீங்கள் வாங்கப்போகும் மாடலுக்கு அது இல்லையென்றால் இரண்டு தடவை செட்டப் செய்யும் வித்தை அங்கே எடுபடாது, ஆகவே மாடலைத் தேர்வு செய்யும்போதே அதில் எந்த ஆண்ட்ராய்டு வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக எக்ஸ்சேஞ்ச். புதுப் போனைக் கொண்டுவருகிறவர் வாசலிலேயே பழைய போனைக் கேட்பார். பீட்டாவில் இருப்பவர்களுக்கு அந்த ஏற்பாடு சரிப்படாது. பீட்டாவை டவுன்லோட் செய்து, ஏற்றி, போனை அழித்து, மறுபடி செட்டப் செய்ய ஒரு மாலைப் பொழுதாவது போகும், அதுவரை பழைய போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாங்கும்போதே சில நாள் கழித்துப் பழையதை ஒப்படைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடியை விட்டுவிட்டு, பிறகு தனியாக விற்பதே நல்லது.