ஊகிப்பு விளையாட்டில் உரையாடல் பெட்டிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விடுமுறை நாட்களில் பைத்தான் நிரல்மொழியைக் கற்பிக்கிறேன். பாடப் பயிற்சிகள் முடிந்ததும், கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காய்கள் ஒரு கூடையில் எத்தனை இருக்கின்றன என்று 1 முதல் 100 வரை ஊகிக்கும் விளையாட்டை பைத்தானில் சாளரங்கள் அமைக்க உதவும் டிகின்டரில் எழுதச் சொல்வேன். ஊகிக்கும் கணக்கில் எவரும் தடுமாறுவதில்லை. கேள்வி கேட்கவும் செய்தி சொல்லவும் திரையில் தோன்றும் உரையாடல் பெட்டிகளைக் கையாளும் இடத்தில்தான் ஏறக்குறைய அனைவரும் தடுமாறுகிறார்கள்.

பெட்டியை மூடுவதும் ஒரு பதில் என்பதை மறந்துவிடுவதே பெரிய தவறு. பெட்டி திறந்து முழு எண் கேட்கும் ஆஸ்க்இன்டிஜர் செயற்கூறு, எண்ணை எழுதிச் சரி என்று அழுத்தினால் அந்த எண்ணைத் தரும். ரத்து செய்தாலோ மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினாலோ 'நன்' (None), அதாவது எதுவுமில்லை என்னும் மதிப்பைத் தரும். அதை அப்படியே ஒளித்து வைத்த எண்ணோடு சிறியதா, பெரியதா என்று ஒப்பிட்டால் பிழை எழும். பொத்தானுடன் இணைத்த செயற்கூறுக்குள் இது நேர்ந்தால் சாளரம் ஒன்றும் நடக்காததுபோல் நிற்க, பிழைச் செய்தி பின்னால் இருக்கும் முனையத்தில் (நிரலை இயக்கிய எழுத்துத் திரையில்) மட்டும் வரும் என்பதால், காரணம் தெரியாமல் மாணவர்கள் திகைக்கிறார்கள்.

இதைத் திருத்த முயன்று பலரும் அடுத்த தவறைச் செய்கிறார்கள். ஒரு மாணவி, கூடை காலியாகவும் இருக்கலாம் என்று எண்ணி எல்லையை 0 முதல் 100 வரை மாற்றினாள். 0 என்று ஊகித்தவுடன் விளையாட்டு மூடிக்கொண்டது. அவள் எழுதியிருந்தது, வந்த மதிப்பு பொய்யா என்று பார்க்கும் 'இஃப் நாட்' என்ற சோதனை. பைத்தானுக்கு 0, நன் இரண்டுமே அங்கே பொய்தான். 'இஸ் நன்' என்று கேட்டால் மட்டுமே ரத்து செய்தவரையும் 0 என்று எழுதியவரையும் பிரித்தறிய முடியும்.

மறுபடியும் ஆடலாமா என்று கேட்கும் இடத்திலும் இதே வகைக் கண்ணி உண்டு. ஆம், இல்லை என்று கேட்க இரண்டு செயற்கூறுகள் உண்டு. ஆஸ்க்எஸ்நோ உண்மை அல்லது பொய் என்ற மதிப்பைத் தரும். ஆஸ்க்குவெஸ்டியனோ 'எஸ்', 'நோ' என்ற சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களைத் தரும். வெறுமையாக இல்லாத எந்தச் சரமும் உண்மையாகவே கொள்ளப்படுவதால், இல்லை என்று அழுத்தினாலும் ஆட்டம் தொடர்ந்துகொண்டே இருக்கும். விளையாட வந்தவரை வெளியே விடாத நிரலை நான் ஏற்பதில்லை.

ஒவ்வொரு துப்புக்கும் ஒரு பெட்டி திறப்பதும் வேண்டாம். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 100 எண்களுக்குள் 7 ஊகங்களில் விடை கிடைத்துவிடும். ஊகிக்க ஒரு பெட்டி, 'இன்னும் அதிகம்' என்றோ 'சரி' என்றோ சொல்ல ஒரு பெட்டி என வைத்தால் அதற்கே 14 பெட்டிகள் வரை திறக்கும். ஒவ்வொன்றும் மூடப்படும்வரை முதன்மைச் சாளரத்தைத் தொட விடாது. துப்பை அச்சாளரத்திலேயே ஒரு லேபிளில் காட்டி, பெட்டியை முடிவு கேட்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணை வாங்குவதற்கும் சாளரத்திலேயே ஓர் உள்ளீட்டுக் கட்டம் வைப்பதையே பரிந்துரைக்கிறேன். எழுத்தைத் தட்டினாலோ எல்லையைத் தாண்டினாலோ ஆஸ்க்இன்டிஜர் தானாகக் காட்டும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு அந்த வரி உதவாது. சொந்தமாகச் சோதித்தால், '1 முதல் 100 வரை ஓர் எண்ணை எழுதுங்கள்' என்று நாமே சொல்லலாம். பைத்தானின் 'இன்ட்' செயற்கூறு ௪௨ என்ற தமிழ் எண்ணையும் 42 என்றே ஏற்கும் என்பதைச் செய்து காட்டும்போது மாணவர்கள் அடையும் மகிழ்ச்சி எனக்கும் தொற்றிக்கொள்ளும்.

பெட்டிகளை மட்டுமே பயன்படுத்துவோர், வெறுமையாகத் தோன்றும் முதன்மைச் சாளரத்தை 'வித்டிரா' கொண்டு மறைத்துவிட்டு, ஆட்டம் முடிந்தபின் அதை முற்றிலும் மூட 'டெஸ்ட்ராய்' செய்ய மறப்பதும் உண்டு. சாளரத்தை இயங்க வைக்கும் மெயின்லூப் என்ற சுழற்சி ஓடிக்கொண்டிருந்தால், திரையில் எதுவும் தெரியாமலேயே அந்த நிரல் கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும்.