இணையவழிப் படிப்புக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் முறை

தருமபுரியில் கல்லூரி மாணவர்களை மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் வரும் என்பிடெல் (ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் திட்டம்) படிப்புகளில் சேர்த்து வழிநடத்தும் பொறுப்பைச் சில ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. பத்து நிமிடத்தில் சேர்ந்துவிடலாம். ஆனால் நான்காம், ஐந்தாம் வாரங்களில்தான் பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள் என்பதால், படிப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஆயத்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில், வீட்டில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சித்தேரி மலையிலிருந்தும் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் கல்லூரியில் இருக்கும்போதே அந்த வாரக் காணொளிகளைப் பதிவிறக்கிக்கொண்டால், வீட்டில் இணையத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால், அது எந்த நேரத்தில் பிள்ளையின் கையில் இருக்கும் என்பதைப் பெற்றோரிடமே பேசி முடிவுசெய்யுங்கள். இதை மாணவரே கேட்டுப் பெறட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற முன்னதில் 10, பின்னதில் 30 மதிப்பெண்ணாவது வேண்டும். பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த 8 ஒப்படைப்புகளே கணக்கில் சேரும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், ஒரு வாரம் தவறியவர் மனமுடைந்து விலக மாட்டார். கெடு முடியும்வரை விடைகளைத் திருத்தி மறுபடியும் அனுப்பலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமையே ஒருமுறை அனுப்பிவிடும் பழக்கத்தை நான் வற்புறுத்துகிறேன்.

ஆங்கிலம்தான் பெரிய தடை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும், பாடத்தின் கருத்தைவிட அதைச் சொல்லும் வேகமே மிரட்சியைத் தருகிறது. வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, வசன வரிகளோடு பார்க்கச் சொல்லுங்கள். என் மாணவி ஒருத்தி நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் 'ஸ்டாக்' (stack) என்ற கணினிச் சொல்லை எழுதி, வலப்பக்கம் 'அடுக்கி வைத்த தட்டுகள். கடைசியில் வைத்ததை முதலில் எடுப்போம்' என்று எழுதியிருந்தாள். அப்படி ஒரு நோட்டு எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

படிப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவுசெய்வது வேறு. தேர்வுக்குத் தனியாகக் கட்டணம் உண்டு. எல்லா ஒப்படைப்புகளையும் முடித்துவிட்டு இந்தப் பதிவை மறந்த ஒரு மாணவன் என் முன் அழுதபோது, தவறு என்னுடையதாகவே பட்டது. அதன் பிறகு கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே எல்லோரையும் கணினி ஆய்வகத்தில் உட்காரவைத்துப் பதிவை முடித்துவிடுகிறேன். மையம் வெளியூரில் அமைந்தால், காலையில் எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதையும் அப்போதே விசாரித்துச் சொல்லிவிடுங்கள்.