இலினொய் பிரெய்ரியில் தன்னார்வலராகத் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவின் இலினொய் மாநிலத்துக்குப் 'பிரெய்ரி மாநிலம்' என்ற பட்டப்பெயர் உண்டு; பிரெய்ரி என்பது மரங்கள் அரிதான இயற்கைப் புல்வெளி. ஆனால் முன்பு இங்கே சுமார் 2.2 கோடி ஏக்கரில் பரந்திருந்த புல்வெளியில், தரம் குன்றாமல் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 2,500 ஏக்கர்தான். 1837இல் கிராண்ட் டீட்டூர் என்ற சிற்றூரில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகு முகம் கொண்ட கலப்பையைச் செய்தார். பழைய இரும்புக் கலப்பைகளில் அப்பிக்கொண்ட கரிய மண் அதில் ஒட்டாமல் வழுக்கி விழுந்ததால், புல்வெளிகள் மக்காச்சோள வயல்களாக மாறுவது எளிதாயிற்று. எஞ்சிய துண்டுகளை வேலியிட்டு விட்டுவிட்டாலும் அவை பிழைப்பதில்லை. பூர்வகுடிகள் காலங்காலமாக இட்டுவந்த தீ நின்றுபோனதால், சில பத்தாண்டுகளுக்குள் புதர்களும் மரங்களும் அவற்றை மூடிவிடுகின்றன. தன்னார்வலருக்கு அங்கே ஓயாத வேலை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் படி, வீட்டுக்கு அருகில் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. சிகாகோ நகரத்தார்க்கு, ஸ்டீவ் பேக்கர்ட் 1977இல் தொடங்கிய நார்த் பிராஞ்ச் மீட்புத் திட்டம் இருக்கிறது. தெற்கே, பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்தில் 1996இல் அமைந்த மிடேவின் தேசியப் புல்வெளி இருக்கிறது. மேற்கே, கிராண்ட் டீட்டூருக்கு அருகிலேயே, தி நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1986இல் தொடங்கிய நச்சூசா காப்பகம் இருக்கிறது; அங்கே 2014 முதல் பைசன்கள் (அமெரிக்கக் காட்டெருமைகள்) மேய்கின்றன. இலினொய்ப் பல்கலைக்கழக விரிவாக்கத் துறை நடத்தும் 'மாஸ்டர் நேச்சுரலிஸ்ட்' என்ற இயற்கைத் தன்னார்வலர் பயிற்சி சிறந்ததுதான் என்றாலும், மூன்று நான்கு பணிநாள்களுக்குச் சென்று, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு அதில் சேருவதே நல்லது என்பது என் கருத்து.

உடை விஷயத்தில் தயக்கம் வேண்டாம்: முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய நீளக் காற்சட்டை, கையுறை, தொப்பி. வீடு திரும்பியதும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் பூப் பூக்கும் காட்டுப் பார்ஸ்னிப்பின் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்பதால், அதனை வெறுங்கையால் தொடக் கூடாது.

அடுத்து, பத்துச் செடிகளை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் கால்போல் நிற்பது பிக் புளூஸ்டெம் புல். அகன்ற இலைகளின் விளிம்பை வடக்கு தெற்காகத் திருப்பி நிற்பது காம்பஸ் செடி. அதன் வேர் நாலைந்து மீட்டர் ஆழம் செல்லக்கூடியது. பூவைக்கொண்டு அடையாளம் காண்பது எளிது, ஆனால் களையெடுக்கும் நாளில் பெரும்பாலும் இலைதான் கண்ணில் படும் என்பதால் இலையிலிருந்தே தொடங்குங்கள்.

ஜூன், ஜூலை மாதங்களின் பெரிய வேலை ஸ்வீட் குளோவர் களையை ஒழிப்பது. இரண்டாம் ஆண்டில் பூத்து, விதை உதிர்த்து, மடியும் ஈராண்டுச் செடி இது. இதன் விதையோ மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவது சிறந்தது. இல்லாவிட்டால், விதை பிடிக்கும் முன்பே பூத்த தண்டை அடியோடு அறுக்க வேண்டும். என் முதல் கோடையில், இதுவென்று நினைத்து வெள்ளைக் காட்டு இன்டிகோச் செடியை நான் பிடுங்கியதுண்டு. நம் ஊர் அவுரியைப் போல அதுவும் அவரைக் குடும்பத்துச் செடி; மூன்று மூன்றாக அமைந்த இலையும் வெள்ளைப் பூங்கொத்தும் ஸ்வீட் குளோவருக்கும் அதற்கும் பொது. ஸ்வீட் குளோவரின் இலை விளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும், கசக்கினால் வெனிலா போன்ற மணம் வரும். இன்டிகோவின் இலை விளிம்பு வழவழப்பானது. ஐயம் எழுந்தால் பிடுங்காமல் குழுத் தலைவரைக் கேளுங்கள். பக்தார்ன் போன்ற புதர்களை வெட்டிய அடிக்கட்டையில் களைக்கொல்லி பூசுவதும், வசந்தத்தில் நடக்கும் தீயிடலும் தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலைகள்; புதியவர் வெட்டிய கிளைகளை இழுத்துக் குவிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை விதை சேகரிப்பு. இதற்கு அனுமதி கட்டாயம் தேவை. கதிரை விரல்களுக்கிடையே உருவும்போது விதை எளிதில் உதிர்ந்தால் அது முற்றிவிட்டது. பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் கழித்து வாருங்கள். ஒரே இடத்தில் உள்ளதை முழுவதும் வழிக்காமல், மறுமுளைப்புக்கும் பறவைகளுக்கும் பாதிக்கு மேல் விட்டுவைப்பது நல்ல வழக்கம். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் காகிதப் பையையே பயன்படுத்துங்கள்; அதன்மேல் செடியின் பெயர், இடம், நாள் மூன்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பெயரெழுதாத பை எவ்வளவு கனமாக இருந்தாலும் பயனற்றது.

பல பிரெய்ரிச் செடிகளின் விதைகள் ஈரக் குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் முளைக்கும். எனவே சேகரித்தவற்றை உலர்த்தி, தூற்றி, கலந்து, டிசம்பர் ஜனவரியில் உறைந்த நிலத்தின்மேல் தூவுவார்கள். பனி இறுகி உருகும்போது விதை தானாக மண்ணுக்குள் இறங்கும். முதல் இரண்டு கோடைகளில் களைகளே உயர்ந்து நிற்கும். விதைத்த செடிகள் அப்போது வேர்விடுவதில்தான் முனைந்திருக்கும் என்பதால், அந்த ஆண்டுகளில் களைகளின் தலையை மட்டும் உயரமாக வெட்டிவிடுவார்கள். காம்பஸ் செடி தன் முதல் பூவைக் காட்டுவதற்கு அதன் பிறகும் சில ஆண்டுகள் ஆகும்.