இரண்டு நாள் ரங்கூன் பயணத்தில் பழைய படங்களின் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

பிறந்து வளர்ந்த ரங்கூனை விட்டு பர்மாவிலேயே மோல்மேன் நகரில் குடியேறிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு கல்யாணம், ஒரு காரியம் என்று எப்போதாவது இரண்டு நாள்தான் அங்கே வாய்க்கிறது. அந்த இரண்டு நாளில் ஷ்வேடகோன் பகோடாவைப் படமெடுத்துக்கொண்டிருப்பது வீண்வேலை. நம்மைவிட நன்றாக அதை எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வீட்டு ஆல்பத்தில் உள்ள மூன்று நான்கு படங்களைத் தேர்ந்து, அவை எடுக்கப்பட்ட அதே இடத்தில் நின்று மறுபடியும் எடுப்பதே இத்தகைய பயணத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அசல் படங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அஞ்சலட்டை அளவில் நகல் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் தெருவின் பழைய பெயரையும் இன்றைய பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் பிரேசர் தெரு என்றும் டல்ஹௌசி தெரு என்றும் மொகல் தெரு என்றும் சொன்னவை இன்று அனவ்ரதா சாலை, மகாபந்தூலா சாலை, ஷ்வேபொந்தா தெரு ஆகியவை. இளம் டாக்சி ஓட்டுநர்களிடம் பழைய பெயர்களைச் சொல்லிப் பயனில்லை. 1926இல் திறக்கப்பட்ட ஸ்காட் மார்க்கெட், அதாவது இன்றைய போஜோ அவுங்சான் சந்தை, உங்கள் படங்களில் இருந்தால், திங்கட்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

புறப்படுமுன் நகல் இடம்வலம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். டல்ஹௌசி தெருவில் சூலே பகோடா பின்னணியில் என் அத்தை நிற்கும் படத்தை ஒரு கடையில் நகலெடுக்கக் கொடுத்தேன். அவர்கள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். படத்தில் பெயர்ப்பலகை ஏதும் இல்லை. எண்கோண வடிவான சூலேயோ எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருப்பதால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. தெருவின் தவறான ஓரத்தில் ஒரு மணி நேரம் அலைந்த பிறகு, உடன் வந்த சித்தப்பாதான், "தம்பி, அத்தை முந்தானை வலத்தோளில் கிடக்குது பாரு, யாராவது அப்படிப் போடுவாங்களா?" என்று கேட்டார். ஆண்டு தெரியாத படமென்றால் வண்டிகளைக் கவனிக்கலாம்: 1970இல்தான் பர்மாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறின என்பதால், அவை இடப்பக்கமாக ஓடினால் படம் அதற்கு முந்தியது.

நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க, படத்தில் அருகிலுள்ள ஒரு பொருளையும் தொலைவிலுள்ள ஒரு பொருளையும் தேர்ந்துகொள்ளுங்கள். எனக்கு ஒரு பழைய கட்டடத்தின் மாடி விளிம்பும் சூலேயின் கூர்நுனியும் உதவின. பழைய படத்தில் இருப்பதைவிட அருகிலுள்ள பொருள் இடப்பக்கம் விலகித் தெரிந்தால் நாமும் இடப்பக்கமே நகர வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் ஒரே கோட்டில் வந்த பிறகு, தொலைவிலுள்ளதோடு ஒப்பிடும்போது அருகிலுள்ளது பெரிதாகத் தெரிந்தால் பின்னால் போக வேண்டும், சிறிதாகத் தெரிந்தால் முன்னால் வர வேண்டும். வண்டிகள் வரும் சாலை என்பதால், நகர்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் காவலாக நிற்பது நல்லது.

இடம் கிடைத்த பின்னும் படம் ஒத்துவரவில்லை என்றால், பெரும்பாலும் உயரம்தான் காரணம். அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவை மேலிருந்து குனிந்து பார்த்து, வயிற்றுக்கு நேரே பிடித்து எடுத்தார்கள். ஆகவே கைப்பேசியையும் இடுப்பளவுக்கு இறக்கிப் பாருங்கள். கைப்பேசி அகலமாகவே பார்க்கும் இயல்புடையது; இரண்டு மடங்கு ஜூமில் வைத்தால் பழைய படத்தின் சட்டத்துக்கு நெருங்கி வரும். ஜூம் சட்டத்தை மட்டுமே மாற்றும், கோணத்தை மாற்றாது என்பதால், இடத்தைச் சரிசெய்யாமல் ஜூமைத் திருகிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. மேற்கிலிருந்து சூலேயை நோக்கி எடுப்பதானால் காலை வெயில் எதிரே அடிக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போவது நல்லது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, அப்போது எதுவும் நடக்காது. மின்வெட்டு அடிக்கடி என்பதால் பவர் பேங்க் கையில் இருக்க வேண்டும்.

படைவீரர்களும் போலீசாரும் சோதனைச் சாவடிகளும் சட்டத்துக்குள் வரவே கூடாது. 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இதில் விளையாட்டுக்கு இடமில்லை. பழைய படத்தின் இடத்தில் இன்று காவல் நிற்கிறதென்றால், கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.

அன்றிரவே தங்கிய வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு நகலின் பின்னாலும் தேதி, நேரம், நின்ற இடத்தின் அடையாளம் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். மறுநாள் இரண்டு தெருக்கள் ஒன்றாகக் குழம்பிவிடும். பேனா மை அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நான் பென்சிலைத்தான் பயன்படுத்துகிறேன். அத்தை படத்தின் பின்னால் நான் எழுதியிருப்பது இது: "மகாபந்தூலா சாலை, மாலை 3.40, கைப்பேசிக் கடை வாசலிலிருந்து இரண்டு எட்டு பின்னால், இடுப்பளவு உயரம். படத்தில் உள்ள வாசற்படி இப்போது இல்லை. விளிம்பு அப்படியே இருக்கிறது."