மருந்து எச்சரிக்கையை மூடும் முன்

கணினியில் மருந்து எழுதும்போது குறுக்கே வரும் எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள் என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஒதுக்கியதில் பலவும் சரியான முடிவுகளே. உபயோகமில்லாத எச்சரிக்கைகள் அவ்வளவு வருகின்றன. ஆனால் மூடி மூடிப் பழகிய விரல், மூடக் கூடாததையும் மூடிவிடும். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஒரே மருந்தை வைத்து இதைப் பார்ப்போம். சல்ஃபாமெதாக்சசோல் என்ற சல்ஃபா மருந்தும் ட்ரைமெத்தோப்ரிமும் சேர்ந்த ஆன்டிபயாடிக் இது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் சாப்பிடுபவருக்கு இதை எழுதினால் ரத்தக்கசிவு எச்சரிக்கை வரும். இதை லேசாக எடுக்காதீர்கள். வார்ஃபாரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை சல்ஃபாமெதாக்சசோல் தடுக்கிறது. சில நாட்களிலேயே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறும். கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். பிறகு மாற்று மருந்து உண்டா என்று யோசியுங்கள். சாதாரண நீர்க்கடுப்புதான், சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கிறது, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் சிறுநீர் கல்ச்சரும் ஒத்துவருகிறது என்றால் நைட்ரோஃபுரான்டாயின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் போதும். வேறு வழியே இல்லையென்றால் வார்ஃபாரினைக் கால் பங்கோ, சற்றுக் கூடுதலாகவோ குறைத்து, 3 முதல் 5 நாளுக்குள் ஐஎன்ஆர் பாருங்கள். ஆன்டிபயாடிக் முடிந்ததும் வார்ஃபாரின் டோஸை மறுபடி சரிசெய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

எச்சரிக்கையை மூடுவதற்குக் காரணம் கேட்கும் பெட்டியில் ‘கண்காணிக்கப்படும்’ என்று தேர்ந்தெடுத்தால், அந்த ரத்தப் பரிசோதனையை அப்போதே, தேதி போட்டு ஆர்டர் செய்யுங்கள். ஆர்டர் இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு அப்படியொரு பரிசோதனை பாக்கி இருப்பதே தெரியாது.

பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரனோலாக்டோன் அல்லது எனலாப்ரில் என்ற இதய, ரத்த அழுத்த மருந்துகளுடன் சேர்த்தால் பொட்டாசியம் எச்சரிக்கை வரும். ட்ரைமெத்தோப்ரிமே சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கக்கூடியது. வயதானவர், கிரியாட்டினின் கூடியவர் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்) என்றால் மருந்தை மாற்றுவதே நல்லது.

டோஸ் எச்சரிக்கைக்குத்தான் அதிக நிதானம் வேண்டும். 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் 38.6 கிலோ எடையுள்ள 16 வயதுப் பையனுக்கு எழுத நினைத்தது 160 மில்லிகிராம், அதாவது ஒரே மாத்திரை. டோஸ் பெட்டியோ ‘ஒரு கிலோவுக்கு’ என்ற அலகில் இருந்தது. கணினி 160-ஐ எடையால் பெருக்கி 38½ மாத்திரை ஆக்கியது. மருத்துவர், மருந்தாளுநர் இருவருக்கும் எச்சரிக்கை வந்தது, இருவரும் மூடிவிட்டார்கள். பையனுக்கு வலிப்பு வந்து, பிறகு பிழைத்தான். ஆகவே டோஸ் எச்சரிக்கை வந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள்; மொத்த டோஸ் எத்தனை மாத்திரை என்று மனக்கணக்குப் போடுங்கள். வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கை வந்தால் கையெழுத்திடாமல் நிறுத்துங்கள்.

சல்ஃபா அலர்ஜி என்று திரை சொன்னால் நோயாளியிடமே கேளுங்கள்: என்ன ஆயிற்று, மருந்து தொடங்கி எத்தனை நாளில்? தோல் கொப்பளித்து உரிந்தது, வாய் புண்ணானது என்றால் இந்த மருந்து இனி கூடவே கூடாது. வெறும் குமட்டல்தான் என்றால் அது அலர்ஜி அல்ல. பட்டியலில் ‘பக்கவிளைவு’ என்று மாற்றிப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அட்மிஷனிலும் அதே எச்சரிக்கை வரும், எல்லோரும் படிக்காமலே மூடுவார்கள்.

நிறுத்திய மருந்துக்கு எச்சரிக்கை வந்தால், பழைய ஆர்டர் இன்னும் மூடப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். அப்படியும் வந்தால் மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.